நடுவில் தொடங்கிய முப்பது கடிதங்கள்

பெயர்: தேவசேனா. வயது: 43. ஊர்: வரதய்யபாளையம். பிரிவு: திறனற்ற பணியாளர், 'சி' வகை. படிப்பு: ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம்: தெரியாது. எழுத்து வேலை: கொடுக்கக் கூடாது. ரத்த வகை: பி பாசிட்டிவ்.

கம்பெனிக் கோப்பில் இப்படித்தான் இருக்கிறது. பெயர், வயது, ஊர் மூன்றும் சரி. மீதியை எழுதியவர் ஒப்பந்தக்காரர் கிரண்குமார். நாற்பது பெண்களை ஒரே மத்தியானத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். முதல் பெண்ணிடம் மட்டும் கேட்டுக் கேட்டு எழுதினார். மற்ற முப்பத்தொன்பது படிவங்களையும் அதைப் பார்த்து எழுதினார். ஆகவே நாற்பது பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே ரத்தம். முதல் பெண் பட்டம் வாங்கியவளாக இருந்திருந்தால் நாற்பது பட்டதாரிகள் தரை துடைத்திருப்பார்கள்.

தேவசேனா சித்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் ஒன்பது வருடம் வக்கீல்களுக்கு ஆங்கிலத்தில் மனு அடித்தவள். கல்யாணமாகி வரதய்யபாளையம் வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், ஆந்திர எல்லையோரத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டியில், ஏசிக்குள் சுழலும் பிளாஸ்டிக் விசிறிகள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். அச்சிலிருந்து வரும் விசிறியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவுவது வேலை. கோப்பில் உள்ளதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. திறனற்றவர்களை ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுவதில்லை என்பதைச் சேர்ந்த வாரமே கண்டுகொண்டாள். அந்தக் கோப்பின்படி பார்த்தால் இதைக் கண்டுகொள்ளும் அளவுக்கும் அவளுக்கு அறிவு இருக்கக் கூடாது.

எழுத்து வேலை கொடுக்கக் கூடாத இந்தப் பெண்தான் அந்தக் கம்பெனியின் பாதி எழுத்து வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

கேன்டீன் வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு குறைப் பெட்டி உண்டு. அதில் போடும் கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. உள்ளூர்த் தமிழர்கள் தெலுங்குப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத வராதவர்கள். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தெலுங்கு எழுத வராது. தலைமை அலுவலகத்துக்கு இரண்டுமே தெரியாது. ஆகவே யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு மொழியில் எல்லோரும் எழுதுவது என்று நியாயமாக முடிவு செய்திருந்தார்கள்.

பத்து மணிச் சாப்பாட்டு இடைவேளையில் தேவசேனாவின் மேஜைக்கு ஆட்கள் வருவார்கள். லீவு கடிதம், சீருடை கேட்டுக் கடிதம், பக்கத்து மெஷின்காரன் பாட்டுப் பாடுகிறான் என்று கடிதம். எழுதி முடித்ததும் வாங்கிப் பார்ப்பார்கள். யாருக்கும் படிக்க வராது. ஆனாலும் 'மோர்ஓவர்' எத்தனை என்று எண்ணத் தெரியும். எப்படியோ அந்தச் சொல்லின் முகம் எல்லோருக்கும் பழகிவிட்டது. சாம்பாரில் காய் எத்தனை என்று பார்ப்பதைப் போலப் பார்ப்பார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் போட்டுக்கீற," என்பாள் கமலம்மா. பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடிக்கும் கமலம்மாவின் குரல் மூன்று மெஷின் தாண்டிக் கேட்கும். "போன வாரம் அந்த யோகேஷுக்கு மூணு போட்டியே. அவன் இன்னா ஒஸ்தி?"

"அவனுக்கு மூணு விஷயம் இருந்துச்சி. உனக்கு ஒரு விஷயந்தானே?"

"விஷயம் ஒண்ணா இருந்தா இன்னா? மோர்ஓவர் ரெண்டு போடு. ஆபீஸ்காரன் கொஞ்சம் பயப்படட்டும்."

தேவசேனாவுக்கு இதில் ஒரு தனிக் கொள்கை உண்டு. எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. நம் தமிழ் மனுக்களில் 'மேலும்' என்ற ஒரே ஒரு ஆள் எல்லா மூட்டையையும் தூக்குகிறான். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருப்பதால் ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிடுகிறோம். அவள் அவர்களை ஊர்ப் பேச்சை வைத்துப் பிரித்திருந்தாள். 'ஆல்ஸோ' என்றால் 'அதோட'. 'இன் அடிஷன்' அதே ஆள்தான், இஸ்திரி போட்ட சட்டையில். 'ஃபர்தர்மோர்' என்றால் 'இன்னும் கேளு', சொன்ன வழியிலேயே இன்னும் ரெண்டு எட்டு. 'மோர்ஓவர்' என்றால் 'அதுக்கு மேல', முன்னே சொன்னதைவிடக் கனமானதை ஏற்றும்போது. 'பிஸைட்ஸ்' என்றால் 'அத்த வுடு', எல்லாம் பேசி முடித்து எழுந்து போகும்போது திரும்பி நின்று சொல்கிறோமே, அது.

இதைக் கமலம்மாவுக்கு ஒருமுறை விளக்கியும் பார்த்தாள்.

"ஆல்ஸோ எல்லாம் எனக்கு வாணாம்," என்றாள் கமலம்மா. "இத்தினிக்கூண்டு கீது."

வந்தது பஸ் பிரச்சினை. வரதய்யபாளையத்திலிருந்து முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் முப்பத்தொரு பேர். கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஊருக்கு வெளியே சின்னப் பாலம் ஒன்றை இடித்துக் கட்டியபோது பஸ் உள்ளே வர முடியவில்லை. மெயின் ரோட்டுக் கூட்டுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. பெண்கள் இரண்டரை கிலோமீட்டர் இருட்டில் நடந்தார்கள். பாலம் கட்டி முடிந்து, திறப்பு விழா நடந்து, அதன்மேல் வைக்கோல் காயப்போடவும் தொடங்கிவிட்டார்கள். பஸ் மட்டும் கூட்டுரோட்டிலேயே நின்றது.

மற்றவர்களுக்கு அது கால்வலி. மஞ்சுவுக்கு அது வேலை. தேவசேனாவுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்து பிசிறு சீவும் மஞ்சுவுக்கு இருபத்து நாலு வயது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் நாயுடுபேட்டையில் ராத்திரி ஷிப்ட். மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இந்த மாசக் கடைசிக்குள் பஸ் வீட்டுப் பக்கம் வரவில்லை என்றால், விடியாத நேரத்தில் அந்த ரோட்டில் தனியாய் நடந்து போகிற வேலை வேண்டாம். மாமியார் கெட்டவள் இல்லை. ஒருநாள் தானும் கூட நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

"நின்னுட்டா இன்னாக்கா பண்ணுவேன்?" என்றாள் மஞ்சு. "வூட்ல ஒக்காந்துகினு டிவி பாத்துகினு இருப்பேன். எனக்கு சீரியலே புடிக்காது."

தேவசேனா மனு எழுத உட்கார்ந்தாள். கையெழுத்து கமலம்மா போடுவதாக ஏற்பாடு. பஸ் பற்றி முதல் வரி எழுதினாள். அதற்குள் மேஜையைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. மனு என்று ஒன்று போகும்போது நம்முடையதையும் ஏற்றிவிடலாமே என்பது அங்கே வழக்கம். பக்கத்து ஊருக்குப் போகிறவரிடம் ஒரு பையைக் கொடுத்தனுப்புவதைப் போல. உடை மாற்றும் அறைக்கு ஃபேன் இல்லை. கைகழுவும் இடத்தில் சோப்பு பாதியாய் வெட்டி வைக்கிறார்கள். கோதைக்குச் செருப்பு ஒரு நம்பர் பெரிது. கேன்டீன் ஊறுகாயில் உப்பு மட்டும்தான் இருக்கிறது. தேவசேனா யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். பதினான்கு விஷயம் ஏறிற்று. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற சொல்லைத் தேடிப்பிடித்து வைத்தாள். மோர்ஓவர் மட்டும் ஐந்து. சித்தூர் வக்கீல்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள்.

ஏழாம் நாள் அறிவிப்புப் பலகையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடிதம் எண் 112. எடுத்த நடவடிக்கை: ஊறுகாய் மாற்றப்பட்டது. முடிந்தது.

அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு முறை. ஒரு கடிதத்துக்கு ஒரு நடவடிக்கை. எடுத்துவிட்டால் கடிதம் முடிந்தது. முடியாத கடிதத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர். சனிக்கிழமை வீடியோ கூட்டத்தில் தலைமை அலுவலகம் பலகையைப் பார்க்கும்போது சிவப்பு இருக்கக் கூடாது. பதினான்கு விஷயத்தைக் கொடுத்தால் எவனாயிருந்தாலும் சுலபமானதைத்தான் பொறுக்குவான். குற்றம் சொல்ல முடியாது. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் நாம் அதைத்தான் செய்கிறோம்.

"ஊறுகா நல்லாத்தான் கீது," என்றாள் கமலம்மா, இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு. பிறகு மஞ்சுவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "மோர்ஓவர் பத்தலை. அடுத்த லெட்டர்ல பத்து போடு."

தேவசேனா நேர் எதிராகச் செய்தாள். சுருக்கமாக எழுதுவதுதான் சிறப்பு என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறார்களே. தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதினாள். ஒரே வரி: பாலம் முடிந்துவிட்டதால் முதல் ஷிப்ட் பஸ் மறுபடி வரதய்யபாளையத்துக்குள் வர வேண்டும். முன்னே பின்னே ஒரு சொல் இல்லை.

அதற்கும் பச்சை ஸ்டிக்கர் வந்தது. எண் 119. எடுத்த நடவடிக்கை: பரிசீலிக்கப்படும். முடிந்தது.

சுருக்கமான கடிதத்தைச் சுருக்கமாகவே முடித்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

அன்று மெஷினில் விசிறிகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. சீவிக்கொண்டே தேவசேனா சித்தூரை நினைத்தாள். அந்த ஊரில் எந்த ஆபீசிலும் யாரும் ஒரு மனுவையும் முழுசாய்ப் படித்து அவள் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அன்று குண்டூசி கழன்று மனுவின் முதல் பக்கம் எங்கோ விழுந்துவிட்டது. இரண்டாம் பக்கம் 'மோர்ஓவர்' என்று தொடங்கிற்று. அதை வாங்கிய கிளார்க் பல வருடமாக எதையும் படிக்காமல் நிம்மதியாக இருந்தவர். 'எதுக்கு மேல?' என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பீரோவைத் திறந்தார், மேஜைக்கடியில் குனிந்தார், பக்கத்து மேஜைக்காரரை எழுப்பினார். முதல் பக்கம் கிடைக்கும்வரை அவருக்கு டீ இறங்கவில்லை.

தேவசேனா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மஞ்சு, நம்ம ஊர்ப் பொம்பளைங்க எல்லாரையும் பத்து மணிக்கு வரச் சொல்லு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு லெட்டர்."

"முப்பது பேருக்குமா? ஒரே மாதிரி எழுதினா ஒரே நம்பர் போட்ருவாங்கக்கா."

"ஒரே மாதிரி யார் எழுதறாங்க?"

ஐந்து நாள் நடந்தது அந்த விசாரணை. கேன்டீனில் இவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை என்று பரிமாறுகிறவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் எதிரில் உட்கார வேண்டும். கூட்டுரோடு வரை நடப்பதால் தனக்கு என்ன கஷ்டம் என்று ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் வந்தவள் சொன்னதைச் சொல்லக் கூடாது. அந்தக் கஷ்டத்துக்கு ஏற்ற சொல்லில்தான் அவள் கடிதம் தொடங்கும்.

கோதை முப்பத்தெட்டு கிலோ. லாரி போகிற காற்றில் ரோட்டோரத்துக்குத் தள்ளப்படுவதாகச் சொன்னாள். முந்தின நாள் ஒருத்தி லாரி வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லியிருந்தாள். இது அதே ரோட்டில் இரண்டு எட்டு தள்ளி. ஆகவே 'ஃபர்தர்மோர்'. இன்னொருத்தி செருப்பு மாதம் ஒன்று தேய்கிறது என்றாள். அதற்கு 'ஆல்ஸோ' போதும். அவள் வருத்தப்பட்டாள். 'இன் அடிஷன்' ஆக்கியதும் சமாதானமானாள்.

ஹரிப்ரியா மாட்டினாள். புதிதாய்ச் சேர்ந்த பெண். பொய் சொல்ல வராது.

"எனக்கு நடக்கப் புடிக்கும்க்கா. காத்து நல்லா கீது."

"உனக்கு ஒரு கஷ்டமும் இல்லியா?"

ஹரிப்ரியா யோசித்தாள். "பசிக்கும். பஸ்ல ஏறினதுமே டப்பாவைத் தொறந்து துன்னுட்றேன். அப்பறம் பத்து மணிக்கு இவங்களோடத எடுத்துத் துன்றேன்."

"இது எங்க கஷ்டம்," என்றாள் பக்கத்திலிருந்தவள். அதையே எழுதினார்கள். சொல்: 'வாட்ஸ் மோர்', அதாவது 'அது மட்டுமா'.

கமலம்மா வந்து உட்கார்ந்தாள். "எனக்கு மோர்ஓவர்தான். சொல்லிட்டேன்."

"மொதல்ல கஷ்டத்த சொல்லு."

கமலம்மா சொன்னாள். மூட்டு வலி, மருமகள் வாய், ஆட்டுக்குட்டி விலை எல்லாம் சொல்லி, எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, ரெண்டு எட்டு போய், திரும்பினாள். "அத்த வுடு. நான் டப்பால கருவாடு எடுத்தாரேன் இல்ல, பாலத்துகிட்ட இருந்து பதினோரு நாய் கூடவே வருது. கடிக்கவெல்லாம் கடிக்காது. என்னைக் கொண்டாந்து பஸ்ல ஏத்திட்டுத்தான் போவும். பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

தேவசேனா பேனாவை எடுத்தாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான 'பிஸைட்ஸ்' வந்ததில்லை. கமலம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில், மோர்ஓவர் பத்து பேருக்குப் போகிறது, இது கமலம்மா ஒருத்திக்கு மட்டும் என்றதும், "அப்போ போடு," என்றாள்.

மஞ்சு கடைசியாக வந்தாள். குழந்தையையும் மாமியாரையும் பற்றி நாலு வாக்கியம் சொன்னாள், எல்லோரும் அறிந்ததுதான். தேவசேனா அதற்கு மோர்ஓவர் எழுதி அடித்தாள். ஃபர்தர்மோர் எழுதி அடித்தாள். இது எதோடும் சேர்த்துச் சொல்லும் விஷயமே இல்லை. மற்ற இருபத்தொன்பதும்தான் இதோடு சேர்ந்தவை. இடைவேளை முடிகிற மணி அடித்த பிறகு, 'அபவ் ஆல்' என்று எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே.

முப்பது கடிதங்களும் ஒரே நாளில் பெட்டிக்குள் போயின. பெட்டி மூட மறுத்தது.

மூன்றாம் நாள் மனிதவள அதிகாரி நாகபூஷணம் தளத்துக்கு வந்தார். நாயுடுபேட்டைக்காரர், தமிழ் புரியும், பேசத் தெலுங்குதான். கையில் கட்டுக் கடிதம், கண்ணில் தூக்கமின்மை. ஒவ்வொரு மேஜையாகக் கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டு வந்தவர், தேவசேனா எண்ணிக்கை எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து நின்றார்.

"ஏன்டம்மா இதி?" என்றார், என்னம்மா இது என்று. பிறகு தெலுங்கிலேயே கேட்டார்: எல்லாக் கடிதமும் நடுவிலிருந்து தொடங்குகிறதே, முதல் கடிதம் எங்கே? இரண்டு நாளாகத் தேடுகிறேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். முப்பதையும் வரிசை மாற்றி மாற்றி நாலு தடவை படித்துவிட்டேன். கனவில் நாய் வருகிறது, பதினோரு நாய்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே சார்," என்றாள் தேவசேனா தெலுங்கில். "உங்க கோப்பிலேயே இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். கிரண்குமார் எழுதிய அந்தக் கோப்பைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். மேற்கொண்டு அந்தப் பக்கம் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று விட்டுவிட்டார்.

"ஒரு யோசனைக்குச் சொல்றேன்," என்றாள் அவள். "முதல் கடிதம் 119-ஆ இருக்கலாம். இதெல்லாம் அதோட தொடர்ச்சி."

"119 முடிஞ்சு போச்சே. பச்சை ஒட்டியாச்சு."

"முடிஞ்சிருந்தா அதுக்கு மேல முப்பது எப்படி சார் வரும்?"

நாகபூஷணம் கணக்குப் போட்டார். தொடர்ச்சி வந்த கடிதம் முடிந்த கடிதம் ஆகாது. அப்படியானால் 119-ம் சிவப்பு. சனிக்கிழமை பலகையில் முப்பத்தொரு சிவப்பு. அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா பாருங்க," என்றாள் தேவசேனா, ஒரு விசிறியின் பிசிறைச் சீவியபடி. "முப்பத்தொண்ணுலயும் கேக்கறது ஒண்ணுதான். ஒரு பஸ் உள்ள வந்தா, முப்பத்தொரு பச்சை. இந்த வருஷத்துல வேற யாரும் ஒரே நாள்ல அத்தனை ஒட்டியிருக்க மாட்டாங்க."

இது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. தோன்றிய பிறகு முகம் விடிந்துவிட்டது. டீசலுக்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமே என்று ஒரு நிமிடம் இழுத்தார். பழைய உத்தரவை எடுத்துப் பார்த்தால், 'பாலம் வேலை முடியும்வரை கூட்டுரோட்டில் நிற்கவும்' என்றுதான் இருந்தது. புதிதாய் யாரும் எதையும் உத்தரவிட வேண்டியதில்லை. பழையதை யாராவது ஒருவர் கடைசிவரை படித்திருந்தால் போதும்.

போகும்போது ஒரு கடிதத்தை மட்டும் கட்டிலிருந்து எடுத்து மேலே வைத்துக்கொண்டார். அது மஞ்சுவுடையது. "இதி பாகுந்தி," என்றார். நன்றாக இருக்கிறது என்றார். எது என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் பாலத்தின்மேல் வந்தது. டிரைவர் பழனி வைக்கோல் போட்டவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னா, மகாராணிங்களுக்கு வண்டி வாசலுக்கே வரணுமா?"

"வாசலுக்கு வாணாம், தெருமுனைக்கு வந்தா போதும்," என்று கமலம்மா முன் இருக்கையைப் பிடித்தாள். நாய்கள் பாலத்தடியில் ஏமாந்து நின்றன. மஞ்சுவின் மாமியார் இடுப்பில் குழந்தையோடு தெருமுனைவரை வந்து, பஸ்ஸைச் சுற்றிப் பார்த்து, டயரைக்கூடப் பார்த்து, "சரி, போய்ட்டு வா," என்றாள். குழந்தை பழனிக்குக் கை ஆட்டிற்று. அவர் வேறு வழியில்லாமல் ஹார்ன் அடித்தார்.

தேவசேனா ஐந்து நாள் சாப்பாட்டு இடைவேளையில் முப்பது பெண்களிடம் கேட்டு, முப்பது கடிதங்கள் எழுதினாள். பஸ் ஊருக்குள் வந்தது. மஞ்சு வேலையை விடவில்லை.